முப்பதுக்குச் சைபர்

காலை மணி 8.40.

காவல் தலைமையகத்தின் மாடிப்படியைப் பெருக்கிக்கொண்டே இறங்கி வந்த அக்கா பாதியில் துடைப்பத்தை நிறுத்தினாள். குப்பையோடு குப்பையாக ஒரு சீட்டு கிடந்தது. நாலாக மடித்தது. குப்பை என்றால் கசக்கிப் போடுவார்கள். யாரும் மடித்துப் போடுவதில்லை. அது பெருக்குகிறவளுக்குத் தெரியாதா?

நான்கு படி கீழே ஒரு பெண் உதவி ஆய்வாளர் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தார். அக்கா சீட்டை அவரிடம் நீட்டினாள்.

“உங்களுதா பாருங்க மேடம்.”

அவருடையது இல்லை. பிரித்தார். பென்சிலில் எண்கள் மட்டும். ஒன்று முதல் நான்குக்குள் அடங்கிய எண்கள், வரிக்கு ஐந்தாக ஆறு வரி. ஆக முப்பது. அதைப் பார்த்ததும் அந்தப் பெண் நோட்டை மூடிவிட்டார், ஏனென்றால் பதினோரு மணிக்கு அவர் எழுதப்போகிற தேர்விலும் கேள்விகள் முப்பது, கேள்விக்கு இடம் நான்கு.

இந்தப் பெண்ணுக்கு அலுவலகம் முழுக்க ஒரே பெயர்தான்: எட்டு. சூட்டியவர் ரைட்டர், அதாவது அலுவலக எழுத்து வேலையெல்லாம் பார்க்கிற ஏட்டையா. பதவி உயர்வுக்கு ஆங்கிலத் தேர்வு ஒன்று தேற வேண்டும். அதற்கு மாடியில் மொழி வகுப்பு. வாராவாரம் நடந்த பயிற்சித் தேர்வில் நம் உதவி ஆய்வாளர் முப்பதுக்கு எட்டுக்கு மேல் வாங்கியதே இல்லை. பெயர் ஒட்டிக்கொண்டது. இனி நாமும் அப்படியே கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ளட்டும்.

பாடம் என்னவோ ஒரே ஒரு விஷயம்தான். இறந்த காலத்து வாக்கியத்தில் ‘நெவர்’, ‘ஆல்மோஸ்ட்’ மாதிரியான வினையடையை வினைக்கு முன்னால் வைக்க வேண்டும். கேள்வித்தாளில் வாக்கியத்துக்குள் நான்கு இடத்துக்கு எண் போட்டிருக்கும். விடைத்தாளில் வரிசையாக இருக்கும் நான்கு வட்டத்தில் சரியான எண்ணுக்கானதைக் கறுப்பாக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் தமிழில் வினை பவ்யமாகக் கடைசியில் உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத்தில் அது எங்கேயாவது நடுவில் ஒளிந்துகொள்கிறது. ‘த மேன் ஹூ லிவ்ட் அப்ஸ்டேர்ஸ் லாக்ட் ஹிஸ் டோர்’ என்று ஒன்று வரும். இதில் ‘நெவர்’ எங்கே? வாக்கியத்தில் வினை இரண்டு: மாடியில் குடியிருந்தது, கதவைப் பூட்டியது. வேண்டியது பூட்டியது. எட்டு தவறாமல் வேண்டாத வினையைத்தான் பிடிப்பார். பதினெட்டு வருஷமாகத் திருடர்களைப் பிடிக்கிறவருக்கு ஒரு வினையைப் பிடிக்க முடியவில்லை. வீட்டில் ஏழாம் வகுப்பு படிக்கிற மகள் வேறு, “இது ரொம்ப ஈஸிம்மா” என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவாள்.

இரண்டு தடவை தோற்றாயிற்று. தேர்வு எழுத மொத்தம் மூன்று வாய்ப்புதான். இன்றைக்கு மூன்றாவது.

காலை மணி 9.10.

எட்டு சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் கண்காணிப்பாளர் அறையில் பீரோ திறக்கப்பட்டது. உள்ளே அரக்கு முத்திரை உடையாத உறை. அதற்குள் கேள்வித்தாள்களும், தனியாக ஒட்டிய இன்னோர் உறையில் விடை அட்டையும். எட்டு தேர்வு எழுதுகிறவர் என்பதால் அவரை வெளியே நிற்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். வராந்தாவில் நின்றபடி அவர் நகத்தைக் கடித்தார்.

பத்து நிமிஷத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். மொழி வகுப்பு டீச்சர் நாற்காலியில் தளர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார், ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி.

“ஒண்ணுகூடப் பொருந்தல” என்றார் கண்காணிப்பாளர். “முப்பதுக்குச் சைபர். விடை வெளிய போகல, தேர்வு நடக்கும்.”

“அப்ப இந்தச் சீட்டு என்ன சார்?”

“அதான் விஷயம். அட்டையைப் பார்த்திருந்தா சரியா எழுதியிருப்பான். பார்த்தது கேள்வித்தாள மட்டும். பார்த்துட்டு, தானே விடை போட்டிருக்கான். இங்கிலீஷ் சுத்தமா வராதவன். பீரோ சாவி யார்கிட்ட?”

எல்லோரும் ரைட்டரைப் பார்த்தார்கள்.

“அரக்கும் முத்திரையும் யார் மேஜைல?”

இப்போது பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. ரைட்டர் இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவதோடு சரி. அவருடைய அக்கா மருமகன், ‘மீசை’ என்று கூப்பிடுவார்கள், இன்றைக்குத் தேர்வு எழுதுகிற பன்னிரண்டு பேரில் ஒருவன். கணக்கு கச்சிதமாக இருந்தது.

“எட்டு... ம்ம், மேடம்” என்றார் கண்காணிப்பாளர், நாக்கைக் கடித்துக்கொண்டு. “சீட்டுல இருக்கிறது எல்லாம் தப்பு, அதனால உங்க கைல இருந்தா பரவாயில்ல. பத்தரைக்குள்ள விசாரிச்சு முடிங்க. இல்லன்னா பத்தரைக்கு ரைட்டர் சஸ்பெண்ட்.”

எட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி வாய்ப்பு, இன்னும் ஒன்றரை மணி நேரம், படிக்க நோட்டில் பாதி பாக்கி. அதை விட்டுவிட்டு, தனக்கு எட்டு என்று பெயர் வைத்த மனுஷனைக் காப்பாற்ற ஓட வேண்டுமாம். எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயணும்?

காலை மணி 9.30.

“நேத்து உறை உங்ககிட்ட எப்ப வந்துச்சு?”

“ஆறே முக்கால்” என்றார் ரைட்டர். உதடு காய்ந்திருந்தது. “டீச்சர் முன்னாடியே முத்திரை போட்டு, பீரோல வச்சுப் பூட்டினேன்.”

“அப்புறம்?”

“ஆறு அம்பதுக்கு வீட்டுக்குப் போயிட்டேன். சாவி இடுப்புல. குளிக்கிறப்பகூடக் கழட்டல.”

“மீசைகிட்டப் பேசினீங்களா?”

“அவன் என்கிட்டப் பேசி ஆறு மாசம் ஆச்சு மேடம். என் பொண்ணு கல்யாணத்துல சாப்பாடு ஆறிப்போச்சுன்னு எழுந்து போனவன்.”

எட்டு அடுத்த கேள்விக்கு வாயெடுப்பதற்குள் ரைட்டர் முந்திக்கொண்டார்.

“நேத்து கட்டுப்பாட்டு அறை ஒயர்லெஸ்ஸும் செத்துப் போச்சு. எல்லாம் ஒரே நாள்ல. என் ஜாதகம் அப்படி.”

அது எட்டுக்கும் நினைவிருந்தது. நேற்று சாயங்காலம் ஆறு பத்துக்கு, முச்சந்தியில் ஒரு லாரி குறுக்கே படுத்துக்கொண்டபோது அவருடைய வாக்கி-டாக்கி ஊமையாகிவிட்டது. ஆறரை வரை சத்தமே இல்லை. இருபது நிமிஷம் தொண்டை கிழியக் கத்தியதில் குரல் இன்னும் சரியாகவில்லை. இந்த அலுவலகத்தில் எதுதான் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அலுத்துக்கொண்டே மாடியேறினார்.

காலை மணி 9.45.

மொழி வகுப்பு அறை முதல் மாடியில், முற்றத்தைப் பார்த்தபடி. பெஞ்சுகள், கரும்பலகை, பெரிய கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி ஒயர்லெஸ் கம்பம். ஆணியில் பழைய பயிற்சித் தேர்வின் விடை அட்டை ஒன்று தொங்கியது. டீச்சர் திருத்துகிற முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கெட்டி அட்டையில் முப்பது வரிசை, வரிசைக்கு ஒரு ஓட்டை. அதை விடைத்தாள் மேல் வைத்தால் ஓட்டை வழியே கறுப்பு வட்டம் தெரிய வேண்டும். தெரிந்தால் மார்க். எட்டின் விடைத்தாள் மேல் வைக்கும்போது ஓட்டைக்குள் பெரும்பாலும் வெள்ளையே தெரியும்.

“கேள்வித்தாள் எங்க அச்சடிச்சீங்க?” என்று டீச்சரைக் கேட்டார்.

“இதே ரூம்லதான். நானே மெஷின்ல போட்டேன். கதவு உள்பக்கம் தாழ். ஒரு தாள்கூடக் கண்ண விட்டு விலகல.”

“விடை அட்டை?”

“அஞ்சரைக்குச் செஞ்சேன். ரெண்டு தாளைப் பசை போட்டு ஒட்டி, ஓட்டை போட்டு, காய வச்சு, உறைல போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.”

“யாராவது உள்ள வந்தாங்களா?”

“ஒரு ஈ, காக்கா வரல.”

எட்டு பெஞ்சில் உட்கார்ந்து சீட்டை முறைத்தார். ஏதோ ஒன்று உறுத்தியது.

“டீச்சர், ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. நான் நிஜமாவே தெரிஞ்சுதான் எட்டு வாங்கினேனா?”

டீச்சர் தயங்கினார். “உண்மையச் சொல்லட்டுமா? கண்ண மூடிட்டுப் போட்டாலே ஏழெட்டு வரும். நாலு வட்டத்துல ஒண்ணுதானே.”

மானம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். எட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப இங்கிலீஷ் சுத்தமா வராதவன் எழுதினா ஏழெட்டாவது சரியா இருக்கணும். குருட்டாம்போக்குல முப்பதும் தப்பாப் போட முடியுமா?”

“முடியாது. முப்பதும் தப்பாப் போடணும்னா முப்பதும் சரியாத் தெரிஞ்சிருக்கணும்.”

“அப்ப ரைட்டர் இல்ல. எழுதினவன் விடை அட்டையைத்தான் பார்த்திருக்கான்.”

“பார்த்தவன் எதுக்குத் தப்பா எழுதணும்?”

அங்கேதான் வண்டி நின்றது. எவ்வளவு தள்ளினாலும் நகரவில்லை. டீச்சர் தேர்வு அறையைப் பார்க்கப் போய்விட்டார். எட்டு எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். கீழே தட்டச்சு மெஷினின் சத்தம் கேட்டது. ரைட்டரின் சஸ்பெண்ட் உத்தரவு தயாராகிறது. ரைட்டர் வழக்கமாகத் தட்டச்சு செய்கிற மெஷின்தான், இன்றைக்கு வேறு ஆள்.

காலை மணி 10.05.

ஆத்திரத்தில் ஆணியிலிருந்த பழைய அட்டையைப் பிடுங்கி எறியப் போனவர், ஜன்னல் பக்கம் திரும்பியபோது கண்ணாடியில் நான்கு பொட்டுக்களைக் கண்டார். காய்ந்த பசை. அட்டையின் நான்கு மூலை அகலத்துக்கு, உள்பக்கம்.

காய வச்சு, உறைல போட்டு. காய வைத்தது எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. டீச்சரும் சொல்லவில்லை. வருஷக்கணக்காகச் செய்கிற வேலையை யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

கையிலிருந்த பழைய அட்டையை அந்த நான்கு பொட்டின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. எழுதிய முகப்பு அறையைப் பார்த்து, வெற்று முதுகு முற்றத்தைப் பார்த்து. பிறகு அட்டையை எடுத்துத் திருப்பினார். முதல் ஓட்டை நான்காவதாகிவிட்டது. இரண்டாவது மூன்றாவதாகிவிட்டது. ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துக்கொண்டு வந்தார். முப்பதில் ஒன்றுகூட இருந்த இடத்தில் இல்லை.

எட்டு வெளியே பார்த்தார். ஒயர்லெஸ் கம்பம். ஏறுவதற்கு இரும்புப் படிகள்.

இங்கே நியாயமாக நம் ஆள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. சீட்டை மேஜையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏனென்றால் அடுத்த எண்ணம் உடனே வந்துவிட்டது. நாலை ஒன்றாக்கு, மூன்றை இரண்டாக்கு. இன்றைக்குத் தேர்வின் முப்பது விடையும் அவர் கையில் இருந்தது.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. திருடினவன் மனப்பாடம் செய்து வைத்த தப்பு எண்களை நம்பிச் சைபர் வாங்கித் தொலைவான். எட்டு முப்பது வாங்குவார். வேண்டாம், சந்தேகம் வராமல் இருபத்திரண்டு வாங்குவார். பாஸ். தோளில் இன்னொரு நட்சத்திரம். மகள் வாயடைத்துப் போவாள். வாயைத் திறந்தாலோ, விடை தெரிந்த ஆளை யார் தேர்வு எழுத விடுவார்கள்? ரைட்டர்தான் மாட்டிக்கொள்வார். அந்த ஆள் எட்டு என்று கூப்பிடும்போது ஒரு நாளாவது இவர் மனம் என்ன பாடுபடும் என்று யோசித்தாரா?

ஆசையாக இருந்தது. பொய் சொல்வானேன், மிகவும் ஆசையாக இருந்தது. பத்து நிமிஷம் அந்த ஆசையோடு உட்கார்ந்திருந்தார். தட்டச்சுச் சத்தம் நின்றது. தாளை உருளையிலிருந்து உருவுகிற கரகரப்பு கேட்டது. எட்டு தலையிலடித்துக்கொண்டு எழுந்தார்.

காலை மணி 10.30.

கண்காணிப்பாளர் அறையில் ரைட்டர் சுவரோடு சுவராக நின்றார். டீச்சர் வந்தார். எட்டு கேட்டுக்கொண்டதால் ஒயர்லெஸ் பிரிவு உதவி ஆய்வாளரையும் கூப்பிட்டிருந்தார்கள். கம்பத்து உச்சியிலிருக்கிற ஏரியல் கம்பியே கதி என்று கிடப்பதால் அவருக்குப் பட்டப்பெயரும் ஏரியல். தேர்வுக்காகச் சட்டையை மொடமொடவென்று தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“நேத்து ஆறு பத்துல இருந்து ஆறரை வரை செட் எல்லாம் செத்துப் போச்சே, ஏன்?”

“ஏரியல் ஆடிச்சு மேடம். ஏறிச் சரி பண்ணினேன். ஆள் ஏறினா மெஷின ஆஃப் பண்ணணும்கிறது விதி.”

“இருபது நிமிஷமா?”

“துருப்பிடிச்ச திருகு.”

“நீங்க ஏறினப்ப டீச்சர் ரூம்ல லைட் எரிஞ்சுதா?”

“கவனிக்கல.”

எட்டு சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். பெருமூச்சு விட்டபடி, வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

“பாவம், இத எழுதினவன். டீச்சர் அட்டையோட சரி பார்த்தாங்க. முப்பதும் தப்பு.”

“முப்பதுமா?” என்றார் ஏரியல். முகம் தொங்கிப்போயிற்று. “அதெப்படி? ரெண்டு தடவை சரி பார்...”

ஏரியல் வாயை மூடினார். மூடி என்ன பயன்?

“ரெண்டு தடவை சரியாத்தான் பார்த்தீங்க” என்றார் எட்டு. “பார்த்த பக்கம்தான் தப்பு. டீச்சர் அட்டைய ஜன்னல் கண்ணாடில ஒட்டிக் காய வைப்பாங்க. சாயங்காலம் வெளிய இருட்டிட்டு வரும், உள்ள லைட். முப்பது ஓட்டையும் விளக்கு மாதிரித் தெரியும். கேள்வித்தாளுக்கு அரக்கு, முத்திரை, பீரோ எல்லாம் வச்சாங்க. ஓட்டைல என்ன இருக்குன்னு அட்டைய மட்டும் ஜன்னல்ல விட்டுட்டாங்க. உள்ள இருந்து பார்க்கிறவன் முகப்பப் பார்ப்பான். வெளிய கம்பத்துல தொங்கறவன் முதுகத்தான் பார்ப்பான். வலது இடதாயிடும். அதனாலதான் ஒண்ணுகூடத் தப்பித் தவறிச் சரியா இல்ல. இன்னொண்ணு சார். மனுஷன் விடை எழுதினா ஒண்ணு கீழ ஒண்ணா எழுதுவான். இது அஞ்சஞ்சா இருக்கு. சங்கேதச் செய்திய ஒயர்லெஸ்காரங்க அப்படித்தான் எழுதுவாங்க. கை பழகிடுச்சு.”

கண்காணிப்பாளர் விடை அட்டையை எடுத்துத் திருப்பி, தன் பக்கம் மறைத்துக்கொண்டு, சீட்டோடு ஒப்பிட்டார். மெல்லத் தலையாட்டினார். டீச்சர் இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ஏரியல் மறுக்கவில்லை. “நான் அதுக்குன்னு ஏறல சார். திருகத்தான் ஏறினேன். கண்ணு முன்னாடி தொங்கிச்சு” என்று மட்டும் சொன்னார். இரண்டு காவலர்கள் வந்து அவரை அழைத்துப் போனார்கள்.

கண்காணிப்பாளர் சஸ்பெண்ட் உத்தரவைக் கிழித்தார். கிழித்துக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார்.

“சீட்டு காலைல இருந்து யார்கிட்ட இருந்துச்சு?”

“என்கிட்டதான் சார்.”

“திருப்பிப் போட்டா சரியான விடைன்னு எப்பத் தெரிஞ்சுது?”

“பத்தேகாலுக்கு.”

“அப்ப நீங்க...”

“எழுத முடியாது சார். தெரியும்.”

“புதுசா ஒரு தாள் தயார் பண்ண...” என்று டீச்சர் ஆரம்பித்தார்.

“தலைமை ஒப்புதல் இல்லாம ஒரு எழுத்து மாத்த முடியாது” என்றார் கண்காணிப்பாளர். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். “பேர் பட்டியல்ல இருக்கு, எழுதலன்னாலும் வாய்ப்பு ஒண்ணு கழிஞ்சதுதான். விதி அப்படி. நான் மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கறேன், ஆனா நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.”

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. எட்டுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத எரிச்சல். சீட்டைப் படியில் போட்டவன்மேல், அதைப் பொறுக்கித் தந்த அக்காமேல், பசைமேல், தன்மேல்.

வராந்தாவில் ரைட்டர் பின்னாலேயே வந்தார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பிசைந்தார்.

“மேடம், நான் உங்களுக்கு என்ன செய்யறதுன்னு...”

“ஒண்ணும் செய்ய வேணாம். கொஞ்ச நேரம் என் கண்ணுல படாம இருங்க.”

காலை மணி 11.00.

பன்னிரண்டு பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்தார்கள். மேற்பார்வைக்கு ஓர் ஆள் குறைந்தது. தேர்வு எழுதாமல் சும்மா இருக்கிற அதிகாரி அலுவலகத்திலேயே ஒருவர்தான். எட்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தார். சீட்டு ஆதாரமாக உறைக்குள் போய்விட்டது. அந்த எண்களை அவர் மனப்பாடம் செய்திருக்கவில்லை, முதல் வரி தாண்டி ஒன்றும் நினைவிலும் இல்லை.

மூன்றாவது பெஞ்சில் மீசை பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். பத்தொன்பதாவது கேள்வி. ‘த டிரைவர் ஹூ ப்ரோட் த லெட்டர்ஸ் ஸ்மைல்ட் அட் அஸ்.’ நெவர் எங்கே? பேனா முனை ‘ப்ரோட்’டுக்கு முன்னாலிருந்த எண்ணின்மேல் வட்டமிட்டது.

எட்டு தோளுக்கு மேலாகப் பார்த்தார். டிரைவர் கடிதம் கொண்டுவந்தவன். அவன் செய்தது என்ன? சிரித்தது. ஒருநாளும் சிரிக்காதவன். ‘ஸ்மைல்ட்’டுக்கு முன்னால். எண்ணிப் பார்க்கவில்லை, விரல் வைக்கவில்லை, பார்த்தவுடனே தெரிந்தது. அடுத்த கேள்வியைப் பார்த்தார். தெரிந்தது. அதற்கு அடுத்ததும் தெரிந்தது. அடுத்த பெஞ்சுக்குப் போய் அங்கேயும் பார்த்தார். எல்லா வாக்கியத்திலும் வினை தானாக எழுந்து நின்று முகத்தைக் காட்டியது.

இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்க வேண்டும்போலிருந்தது. மீசை தப்பான வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு நிமிர்ந்து, சரிதானே என்கிற மாதிரி அவர் முகத்தைப் பார்த்தான்.

“குனிஞ்சு எழுதுங்க” என்றார் எட்டு. “இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு.”